சோம்புக் காட்டிலிருந்து கிளம்பிய சொல்

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் குறுக்கோட்டம் நடக்கும். மலாயில் மெரெந்தாஸ் டேசா என்பார்கள். சுங்கைப்பட்டாணிக்கு வெளியே, முன்பு பால்மரங்கள் நின்று இப்போது செம்பனை நிற்கிற மண்சாலை வழியே மாணவர்கள் ஓடுவார்கள். ஓடத் தெரியாத ஆசிரியர்களுக்கும் அன்று வேலை உண்டு. இரண்டாவது முச்சந்தியில் குடை பிடித்து நின்று, வந்து சேரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரப்பர் வளையம் கொடுப்பது என் வேலை. குறுக்கு வழியில் புகுந்து வந்தவர்களை அந்த வளையக் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

சென்ற முறை கடைசியாக வந்தவள் ஒரு நான்காம் படிவ மாணவி. ஓடவில்லை, நடந்தே வந்தாள். வளையத்தை வாங்கிக்கொண்டு, மாரத்தான் என்ற சொல்லுக்கு என்ன பொருள் ஐயா என்று கேட்டாள். யோசிக்காமல் பதில் சொன்னேன். கிரேக்க மொழியில் நெடுந்தூர ஓட்டம் என்று பொருள் என்றேன். அவளும் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

அது தவறான பதில். அன்று மாலை வீட்டில் அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. இருபது ஆண்டுகளாகச் சொற்பொருள் மாற்றம் பற்றி வகுப்பில் பேசி வரும் எனக்கு, விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒரு சொல்லின் பொருள் தெரிந்திருக்கவில்லை. வெட்கத்தோடு தேடப் போனதில் ஒரு மனிதரின் வாழ்க்கை கையில் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். ஓட்டக்காரர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. இருவருக்குமே அவர் வேண்டியவர்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மாரத்தான் என்பது கிரேக்கத்தில், ஏதென்ஸ் நகருக்கு வடகிழக்கே, கடலோரமாக இருக்கும் ஒரு சமவெளியின் பெயர். பழைய கிரேக்க மொழியில் அந்தச் சொல் பெருஞ்சீரகச் செடியைக் குறிக்கும். நம் வீடுகளில் சோம்பு என்கிறோமே, அதுதான். கறிக் குழம்புக்கு அரைக்கிறோம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்கிறோம். அந்தச் செடி மண்டிக் கிடந்த இடம் என்பதால் சமவெளிக்கு அந்தப் பெயர் வந்தது. 3,000 ஆண்டுகளுக்கும் முந்திய மைசீனியக் களிமண் பலகைகளில், வாசனைப் பொருள்களின் கணக்கில் இந்தச் செடியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஆக, மாரத்தான் ஓடினேன் என்று ஒருவர் சொன்னால், வேர்ச்சொல்லின்படி அவர் சோம்புக் காடு ஓடியிருக்கிறார். தமிழில் சோம்பு என்றால் சோம்பல் என்ற பொருளும் உண்டு. கடைசியாக நடந்து வந்த மாணவியிடம் இதைச் சொன்னபோது அவள்தான் அதிகம் சிரித்தாள்.

ஊர்ப் பெயர்கள் இப்படித்தான் வேடிக்கை காட்டும். மலாயில் பெத்தானி என்றால் உழவர். நம்மவர் வாயில் அது பட்டாணி ஆகி, சுங்கைப்பட்டாணி என்றே நிலைத்துவிட்டது. பட்டாணிக் கடலைக்கும் ஊருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் தமிழில் எழுதும்போது வேறு மாதிரி எழுத யாருக்கும் கை வராது. நம் மாநிலத்தின் பழைய தமிழ்ப் பெயரான கடாரமும் அப்படியே. அது ஒரு பெரிய பாத்திரத்தையும் குறிக்கும். முதலாம் இராசேந்திர சோழன் 1025-இல் இந்தப் பக்கம் படை அனுப்பிய பிறகு, கடாரம் என்ற ஊர்ப் பெயர் ஓர் அரசனின் பட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இடத்தின் பெயர் இன்னொன்றின் பெயராக மாறும் இந்த வழக்கம் உலகெங்கும் உண்டு.

சரி, சோம்பு விளைந்த ஒரு சமவெளி எப்படி ஓட்டத்தின் பெயரானது?

நம் பாடநூல்களில் படித்த கதை இதுதான். கி.மு. 490-இல் பாரசீகப் படை மாரத்தான் கரையில் இறங்கியது. ஏதென்ஸ் படை அதை முறியடித்தது. வெற்றிச் செய்தியைச் சொல்ல ஒரு வீரன் ஏதென்ஸ் வரை ஓடினான், செய்தியைச் சொன்னதும் விழுந்து இறந்தான். நானும் இதைப் பல முறை வகுப்பில் உணர்ச்சியோடு சொல்லியிருக்கிறேன்.

அந்தப் போருக்கு மிக அருகில் வாழ்ந்து வரலாறு எழுதிய எரோடோட்டசிடம் இந்தக் கதை இல்லை. அவர் சொல்வது வேறு ஓட்டம். போருக்கு முன்பு, உதவி கேட்பதற்காக, பிலிப்பிடிஸ் என்ற தொழில்முறை ஓட்டத் தூதர் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடினார். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். மறுநாளே போய்ச் சேர்ந்தார். ஸ்பார்ட்டர்களோ சமய வழக்கப்படி முழுநிலவு வரும்வரை புறப்பட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போர் முடிந்த பிறகு ஏதென்ஸை நோக்கி விரைந்தது தனி ஆள் இல்லை, முழுப் படையுமே. பாரசீகக் கப்பல்கள் சுற்றிவந்து காவல் இல்லாத நகரைப் பிடித்துவிடும் என்ற அச்சம்தான் காரணம். போர்க்களத்தில் சண்டை போட்டுக் களைத்த கால்களோடு அத்தனை பேரும் திரும்பி நடந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். தனி வீரன் ஓடி விழுந்து இறந்த கதை, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகு புளூட்டார்க்கின் எழுத்தில் வருகிறது. அங்கே ஓடியவரின் பெயரே வேறு. அதற்கும் பிறகு லூசியன் என்பவர்தான் பிலிப்பிடிஸ் பெயரை அந்தக் கதையோடு சேர்க்கிறார். இரண்டு ஓட்டங்களும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. 1879-இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் இதைக் கவிதையாக எழுதியபின் ஐரோப்பாவில் படித்தவர்கள் நடுவே கதை இன்னும் பரவியது.

இதில் கவனிக்க வேண்டியது, 1894 வரை மாரத்தான் என்ற பெயரில் உலகில் எந்த ஓட்டப் போட்டியும் இல்லை. பண்டைய ஒலிம்பிக்கிலும் இல்லை. அங்கிருந்த நீண்ட ஓட்டத்துக்கு டோலிக்கோஸ் என்று பெயர். நீளமானது என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். அரங்கத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுவது, சில கிலோமீட்டர்தான். மாரத்தானை ஓட்டமாக்கியவர் ஒரு மொழிப் பேராசிரியர். அவர் பெயர் மிஷெல் பிரெயால்.

அவர் 1832 மார்ச் 26-ஆம் நாள் லண்டாவ் என்ற நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சு யூதர்கள். லண்டாவ் 1815 வரை பிரான்சின் கையில் இருந்தது. பிறகு எல்லைக் கோடு நகர்ந்ததில் பவேரியாவுக்குப் போய்விட்டது. இன்று அது ஜெர்மனியில் இருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறிப்போனது. கெடாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1909 வரை சயாமின் மேலாதிக்கம், பிறகு பிரிட்டிஷார், 1941-இல் ஜப்பானியர், 1943-இல் மீண்டும் தாய்லாந்து, போர் முடிந்ததும் மீண்டும் பிரிட்டிஷார். என் பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டத்து லயத்தை விட்டு நகராமலே இத்தனை ஆட்சிகளையும் பார்த்தவர்.

எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு மொழிகளில் இரண்டு பெயர் இருப்பது குழந்தையாக இருக்கும்போதே தெரிந்துவிடும். பிரெயால் விசெம்பூர், மெட்ஸ், பாரிஸ் என்று படிப்புக்காக ஊர் மாறினார். 1852-இல் பாரிஸில் ஆசிரியர்களையும் அறிஞர்களையும் உருவாக்கும் புகழ்பெற்ற உயர்கல்லூரியான எக்கோல் நோர்மாலில் சேர்ந்தார். பிறகு பெர்லினுக்குப் போய், பிரான்ஸ் போப் என்ற பெரும் அறிஞரிடமும் ஆல்பிரெக்ட் வெபரிடமும் சமஸ்கிருதம் கற்றார். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் போன்றவை ஒரே குடும்பத்து மொழிகள் என்பதை இலக்கண ஒப்பீட்டின் வழி விரிவாக நிறுவியவர் போப். அவரிடம் பிரெயால் பயின்ற காலம் நமக்கும் தொடர்புடையது. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளிவந்தது 1856-இல். தமிழ் தனிக் குடும்பத்து மொழி என்பதை உலகுக்குச் சொன்ன நூல் அது. ஒரே காலம், ஒரே கல்வித்துறை, இரு வேறு திசைகள்.

பாரிஸ் திரும்பிய பிரெயால் அரசு நூலகத்தில் கீழைநாட்டுச் சுவடிகள் பிரிவில் பணியாற்றினார். 1863-இல் எர்க்குலீஸ் கதையை வேதத்தில் வரும் இந்திரன், விருத்திரன் கதையோடு ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார். 1864 முதல் கொலேழ் த பிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் ஒப்பிலக்கணம் கற்பித்தார். போப்பின் பெரிய நூலைப் பல பாகங்களாகப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அந்தப் பணி 1866-இல் தொடங்கி 1874 வரை நீண்டது. இடையில் போர் வந்துவிட்டது.

1870 ஆகஸ்ட் 4. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரின் தொடக்கச் சண்டைகளில் ஒன்று, பிரெயால் சிறுவனாகப் படித்த விசெம்பூரிலேயே நடந்தது. பிரான்ஸ் தோற்றது. மறு ஆண்டு அந்த ஊர் இருக்கும் அல்சாஸ் பகுதியே ஜெர்மனிக்குப் போனது. ஜெர்மன் ஆசிரியர்களிடம் பயின்று, ஜெர்மன் நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? தோல்விக்கு யார் காரணம் என்று நாடே கூச்சலிட்டபோது அவர் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1872-இல் அது வெளிவந்தது.

என்னை மிகவும் பாதித்தது அந்த நூலில் அவர் எடுத்துக்கொண்ட ஒரு நிலைதான். அன்றைய பிரான்சில் எல்லாரும் பாரிஸ் பிரெஞ்சு பேசவில்லை. பிரெத்தோன், ஒக்சித்தான் என்று தனி மொழிகளும், ஊருக்கு ஊர் வட்டார வழக்குகளும் இருந்தன. பள்ளியில் அவற்றைப் பேசுவது குற்றம். பல பள்ளிகளில் ஊர்ப் பேச்சைப் பேசிய பிள்ளையிடம் ஓர் அடையாளப் பொருளைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை, அதே தவற்றைச் செய்யும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அதை அவனிடம் தள்ளிவிட வேண்டும். மாலையில் யார் கையில் அது இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. நான் முச்சந்தியில் கொடுத்த ரப்பர் வளையத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

பிரெயால் இதை ஏற்கவில்லை. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சு குப்பையாகாது, அது ஒரு முதல் என்றார். அந்தப் பேச்சை வைத்தே பொதுமொழியைக் கற்பிக்கலாம், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை இரண்டையும் நன்றாக அறியும் என்பது அவர் கருத்து. ஊர்ப் பேச்சை ஆசிரியர் இகழ்ந்தால் பிள்ளை தன் தாய் தந்தையையே இகழக் கற்றுக்கொள்ளும் என்று அவர் கவலைப்பட்டார். பின்னர் 1879 முதல் 1888 வரை உயர்கல்விக்கான தலைமை ஆய்வாளராகவும் இருந்தார். பள்ளிகள் அவர் சொன்னதை அப்படியே கேட்டுவிடவில்லை. ஊர்ப் பேச்சுக்குத் தண்டனை அதற்குப் பிறகும் பல காலம் தொடர்ந்தது.

எனக்கு இது ஏன் பட்டது என்று சொல்கிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, பால் வெட்டுகிறார் என்றேன். வகுப்பே சிரித்தது. பாலை எப்படியடா வெட்டுவாய் என்று ஒருவன் கேட்டான். தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியரும் சிரித்தார். அன்று முதல் பல மாதங்கள் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. எங்களுக்குப் பால் என்றால் முதலில் ரப்பர்ப் பால்தான். பசும்பாலை மாட்டுப்பால் என்று தனியாகச் சொல்வோம். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நிரை பிடித்து, மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த ஒரு தலைமுறையின் சொல் அது. தவறான தமிழ் என்று அன்று நினைத்துவிட்டேன். பிரெயாலைப் படித்திருந்தால், இந்தச் சொல் தன் பொருளை விரித்துக்கொண்டிருக்கிறது என்று அந்த ஆசிரியருக்கு நானே பாடம் நடத்தியிருப்பேன்.

ஏனென்றால் அதைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். அவர் காலத்து மொழியறிஞர்கள் பெரும்பாலும் ஒலிகளை ஆராய்ந்தார்கள். எந்த ஒலி எந்த ஒலியாகத் திரிந்தது என்று விதிகள் வகுத்தார்கள். சிலர் மொழியைச் செடிபோலக் கருதி, அது தானே முளைத்து வளர்ந்து மடிகிறது என்றார்கள். பிரெயால் மறுத்தார். மொழிக்குத் தனி உயிர் கிடையாது, பேசுபவரின் மனமே சொல்லை மாற்றுகிறது என்றார். பொருள் எப்படி மாறுகிறது என்று ஆராயும் துறைக்கு 1883-இல் அவர் ஒரு பெயர் வைத்தார். செமாந்திக். குறித்துக் காட்டுதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. ஆங்கிலத்தில் செமாண்டிக்ஸ் என்பதும், தமிழில் நாம் பொருண்மையியல் என்பதும் அதுவே. ஒரு சொல் பல பொருள் தாங்குவதைக் குறிக்கும் பாலிசெமி என்ற கலைச்சொல்லையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

எஸ்.டி.பி.எம். தமிழ் மாணவர்கள் இதை வேறு பெயர்களில் படிக்கிறீர்கள். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று செம்பனையிலிருந்து எடுத்தாலும் எண்ணெய், மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்தாலும் மண்ணெண்ணெய். பொருள் விரிந்துவிட்டது. பொன் என்பது ஒரு காலத்தில் உலோகம் எல்லாவற்றுக்கும் பொது. ஐம்பொன் என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அது தங்கத்துக்கு மட்டும். பொருள் சுருங்கிவிட்டது. நறுமணத்தையும் குறித்த நாற்றம் இன்று என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிச் சொற்களையே நினைத்துக்கொண்டிருந்த மனிதர் ஓட்டப் போட்டிக்கு எப்படி வந்தார்? 1894 ஜூனில் பியர் த கூபெர்த்தேன் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு கூட்டினார். பண்டைய ஒலிம்பிக் போட்டிகளை மீண்டும் நடத்துவது என்றும், முதல் போட்டி 1896-இல் ஏதென்ஸில் என்றும் அங்கே முடிவானது. பிரெயால் அந்த மாநாட்டில் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 62. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் கூபெர்த்தேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏதென்ஸுக்குப் போகிறீர்கள், மாரத்தானிலிருந்து பினிக்ஸ் குன்று வரை ஓர் ஓட்டம் நடத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், நடத்தினால் வெற்றி பெறுபவருக்கு நான் ஒரு கோப்பை தருகிறேன் என்பது அதன் சாரம். பினிக்ஸ் என்பது பண்டைய ஏதென்ஸ் மக்கள் கூடித் தங்கள் அரசை நடத்திய மேடு. ஆகவே அவர் கேட்டது வெறும் உடற்பயிற்சி இல்லை. போர்க்களத்திலிருந்து மக்கள் மன்றத்துக்கு ஓடும் ஓட்டம்.

கிரேக்கர்களுக்கு யோசனை பிடித்துவிட்டது. 1896 மார்ச்சில் தங்கள் வீரர்களைத் தேர்ந்தெடுக்க முன்னோட்டப் போட்டிகள் வைத்தார்கள். முதல் போட்டியில் வென்றவர் கரிலாவோஸ் வசிலாக்கோஸ். உண்மையில் உலகின் முதல் மாரத்தான் வெற்றியாளர் அவர்தான், ஆனால் அவர் பெயர் பொது அறிவுப் புதிர்ப் போட்டிகளில் வருவதில்லை.

ஒலிம்பிக் ஓட்டம் ஏப்ரல் 10-ஆம் நாள் பிற்பகல் தொடங்கியது. தொலைவு சுமார் 40 கிலோமீட்டர். 17 பேர் புறப்பட்டார்கள். 13 பேர் கிரேக்கர்கள். முன்னணியில் போன வெளிநாட்டினர் பலரும் குறுகிய தொலைவு ஓடிப் பழகியவர்கள். பிரான்சின் லெர்மூசியோ 32 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். 800, 1,500 மீட்டர் ஓட்டங்களில் ஏற்கெனவே வென்றிருந்த ஆஸ்திரேலியாவின் எட்வின் பிளாக் அரங்கத்தை நெருங்கும் நேரத்தில் சரிந்தார். மரூசி என்ற கிராமத்தைச் சேர்ந்த, தண்ணீர் சுமந்து விற்கும் குடும்பத்துப் பிள்ளையான 23 வயது ஸ்பிரிடோன் லூயிஸ் முதலில் அரங்கத்துக்குள் வந்தார். 2 மணி 58 நிமிடம் 50 விநாடி. பிரெயால் தந்த வெள்ளிக் கோப்பை அவருக்குப் போனது. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம்தான், ஒரு தண்ணீர்க் குவளை அளவு. மாரத்தான் சதுப்பு நிலத்துச் செடிகளும் பறவைகளும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. லூயிஸ் அதன் பிறகு எந்தப் போட்டியிலும் ஓடவில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டார். கிரேக்க மொழியில் லூயிஸ் ஆகிவிட்டான் என்றால் ஓட்டம் பிடித்துவிட்டான் என்று பொருள். ஊர்ப் பெயர் ஓட்டமானது போல ஆள் பெயரும் ஓட்டமாகிவிட்டது.

மறு ஆண்டு, 1897-இல், பிரெயாலின் முதன்மையான நூலான பொருண்மையியல் கட்டுரை வெளிவந்தது. சொற்கள் பொருள் மாறும் விதத்தை விளக்கும் நூல். அதே காலத்தில் அவர் கிளப்பிவிட்ட சொல் உலகமெங்கும் பொருள் மாறிக்கொண்டிருந்தது. 1897-லேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் நடந்தது. அங்கே சமவெளியும் இல்லை, சோம்பும் இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன் முடியும்படி பாதை அமைத்ததில் தொலைவு 42.195 கிலோமீட்டர் ஆனது. 1921-இல் அதுவே உலக அளவாக நிலைத்தது. கிரேக்கச் சமவெளியின் பெயர், பிரிட்டிஷ் அரண்மனையின் அளவு.

பிறகு சொல் இன்னும் போனது. ஜப்பானியப் பள்ளிகளில் எந்த நீண்ட ஓட்டமும் மாரத்தான்தான், மூன்று கிலோமீட்டராக இருந்தாலும். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான் சொல்வோம். இலங்கைத் தமிழர் மரதன் என்கிறார்கள், மலாயில் மாராத்தோன். இடைவிடாமல் நீளும் கூட்டத்தையும் மாரத்தான் கூட்டம் என்கிறோம், அங்கே யாரும் ஓடுவதில்லை. ஆங்கிலத்தில் சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்து வாக்கத்தோன், ஜோகத்தோன் என்று ஒட்டிக்கொண்டார்கள். தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்கு நடக்கும் வாக்கத்தோனில் நீங்களும் டிக்கெட் வாங்கியிருப்பீர்கள். அந்த வாலுக்குக் கிரேக்கத்தில் தனிப் பொருளே கிடையாது. நம் லங்காவியில் நடக்கும் அயர்ன்மேன் போட்டி ஒரு டிரையத்லான். அதில் இருக்கும் அத்லான் வேறு சொல், போட்டி என்று பொருள். அந்தப் போட்டியில் நீந்தி, மிதிவண்டி ஓட்டி, கடைசியில் மாரத்தான் ஓடுவார்கள். கேட்பதற்கு ஒரே மாதிரி முடியும் இரண்டு சொற்கள், ஒன்றில் போட்டி, ஒன்றில் சோம்பு. தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிரெயால் இளையவர்களுக்கு இடம் விட்டவர். 1881-இல் உயர் ஆய்வுப் பள்ளியில் தாம் நடத்திவந்த பாடத்தை 23 வயது சுவிஸ் இளைஞர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். அந்த இளைஞர் பெர்டினான்ட் த சொசூர். இன்று மொழியியல் முதலாண்டுப் பாடம் அவரிலிருந்துதான் தொடங்குகிறது. பிரெயாலின் மகள் குளோத்தில்தை 1892-இல் மணந்தவர் ரோமன் ரோலந்து. பிற்காலத்தில் காந்தியடிகள், இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வாழ்க்கையை ஐரோப்பாவுக்குச் சொன்ன அதே எழுத்தாளர். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை, 1901-இல் பிரிந்தார்கள்.

1905-இல் பிரெயால் கொலேழ் த பிரான்சிலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய மாணவர் அந்துவான் மெய்யே அந்த இடத்துக்கு வந்தார். 1914-இல் மீண்டும் பிரான்சும் ஜெர்மனியும் போரிட்டன. 1915 நவம்பர் 25-ஆம் நாள் பாரிஸில் பிரெயால் காலமானார். வயது 83. அடுத்த ஆண்டு பெர்லினில், அவர் சமஸ்கிருதம் கற்ற நகரில், நடக்கவிருந்த ஒலிம்பிக் போட்டிகள் போரினால் நடக்கவே இல்லை. அவர் பிறந்த ஊரும் இறந்த ஊரும் அப்போது எதிரி நாடுகளில் இருந்தன.

வெள்ளிக் கோப்பை லூயிஸின் குடும்பத்தில் பல தலைமுறை இருந்தது. 2012-இல் அவருடைய பேரன் அதை லண்டனில் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். 5,41,250 பவுனுக்குப் போனது. வாங்கியது ஒரு கிரேக்க அறக்கட்டளை. கோப்பையை மக்கள் பார்வைக்கு வைத்தது.

குறுக்கோட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை அந்த நான்காம் படிவ வகுப்பில் என் பதிலைத் திருத்தினேன். கரும்பலகையில் சோம்பு என்று எழுதி, அடியில் பால் என்று எழுதினேன். உங்கள் வீட்டில் இதற்கு எத்தனை பொருள் என்று கேட்டேன். பாடாங் செராயிலிருந்து வரும் ஒரு பையன், அவன் தாத்தா இன்னும் பால் வெட்டு என்றுதான் சொல்வார் என்றான். யாரும் சிரிக்கவில்லை. நடந்து வந்த மாணவி, குறுக்கோட்டம் என்பதில் குறுக்கு எதற்கு, குறுக்கு வழியில் போனால் வளையம் கிடைக்காதே என்று கேட்டாள். டேசா என்றால் நாட்டுப்புறம், அதைக் குறுக்கே கடந்து ஓடுவது, தமிழில் பெயர் வைக்கும்போது நாட்டுப்புறம் விழுந்துவிட்டது என்றேன். இந்த முறை சொல்வதற்கு முன் அகராதியைப் பார்த்திருந்தேன்.